சேர்க்கையா, செயலா?

ஒருவனை அறிய அவனுடைய நண்பர்களைப் பார் என்பார்கள் பெரியவர்கள். சம்பந்தம் பேசும்போதும், வணிகத்தில் கூட்டுச் சேரும்போதும் இந்த அளவுகோல் நமக்கு உதவுகிறது. ஆனால், நாட்டை ஆள வருகின்ற ஒருவரை, அவரோடு உறவுடைய மதத்தலைவரின் பேச்சைக் கொண்டு எடைபோடலாமா? 2008ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் இக்கேள்வியை உலகின் முன் வைத்தது.

ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா, ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிகாகோவின் டிரினிட்டி திருச்சபை உறுப்பினராக இருந்தவர். அதன் போதகர் ஜெரமையா ரைட்தான் 1992இல் அவருடைய திருமணத்தை நடத்தி வைத்தார். 2008 மார்ச்சில் ரைட்டின் பழைய பிரசங்கத் துணுக்குகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. கறுப்பின மக்களுக்கு இழைத்த கொடுமைகளுக்காக அமெரிக்காவை இறைவன் சபிக்கட்டும் என்ற பொருள்பட அவர் முழங்கியிருந்தார். எதிர்ப்புப் பெருகியது. மார்ச் 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பேசிய ஒபாமா, அச்சொற்களைக் கண்டித்தார். அம்மனிதரைக் கைவிட மறுத்தார். ஏப்ரல் 28 அன்று வாஷிங்டனில் ரைட் தம் கருத்துகளை மீண்டும் வலியுறுத்தவே, மறுநாள் அவரை வன்மையாகக் கண்டித்து ஒதுக்கினார். மே 31 அன்று திருச்சபையிலிருந்தே விலகினார்.

மறுபக்கம் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன். 2000ஆம் ஆண்டில் மதப் பிரசாரகர்கள் சிலரைச் சகிப்பின்மையின் முகவர்கள் என்று சாடியவர், 2008இல் ஜான் ஹேகி என்னும் போதகரின் ஆதரவைத் தாமே நாடிப் பெற்றார். ஒஹையோ மாநிலத்தின் ராட் பார்ஸ்லியை ஆன்மிக வழிகாட்டி என்று மேடையில் புகழ்ந்தார். இஸ்லாத்தைப் பொய் மதம் என்றும், அது அழிக்கப்பட வேண்டும் என்றும் எழுதியவர் இந்தப் பார்ஸ்லி! இட்லரை இறைத்திட்டத்தின் கருவியாகக் காட்டும் ஹேகியின் பழைய பிரசங்கம் வெளியானதும், மே 22 அன்று இருவரின் ஆதரவையும் மெக்கெய்ன் நிராகரித்தார்.

இவ்விரு உறவுகளும் ஒரே தன்மையனவா? ஒன்று, ஆண்டுக் கணக்கில் வேரூன்றிய வழிபாட்டு உறவு. அதில் போதகரின் தொண்டும் உண்டு, கோபமும் உண்டு. மற்றொன்று, வாக்குகளுக்காகத் தேடிச் சென்ற உறவு. முன்னதில், இத்தனை ஆண்டுகள் கேட்டும் ஏன் மௌனம் என்று வினவலாம். பின்னதில், இவர் யாரென்று விசாரிக்காமல் ஏன் தேடினீர் என்று வினவலாம். இரண்டும் நியாயமான வினாக்களே. ஆனால், போதகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் வேட்பாளரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. ஒருவர் செய்த பாவத்தை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது நாம் அறிந்த நெறியன்றோ!

அதே தேர்தலில் ஒபாமா ஒரு இரகசிய முஸ்லிம் என்ற வதந்தியும் பரப்பப்பட்டது. கிறிஸ்தவப் போதகரின் சீடர் என்பதும் குற்றம். முஸ்லிம் என்ற பொய்யும் குற்றச்சாட்டு! அவர் கிறிஸ்தவர் என்று மறுத்தவர்கள் பலர். அப்படியே முஸ்லிமாக இருந்தால்தான் என்ன தவறு என்று அக்டோபர் 19 அன்று வெளிப்படையாகக் கேட்டவர், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல். பிறையும் நட்சத்திரமும் பொறித்த கல்லறைக் கல்லில் தலை சாய்த்திருந்த ஒரு தாயின் புகைப்படத்தை அவர் நினைவுகூர்ந்தார். அந்தக் கல்லறையில் துயில்பவன், ஈராக்கில் அமெரிக்காவுக்காக உயிர் நீத்த முஸ்லிம் இளைஞன்.

எங்கோ யாரோ ஒரு முஸ்லிம் பேசியதற்கு நம்மிடம் விளக்கம் கேட்கப்படும்போது நம் உள்ளம் வேதனையுறுகிறது. அந்த வேதனையை அறிந்த நாம், பிறரை மட்டும் அதே தராசில் நிறுக்கலாமா? தலைவரை மதிப்பிடுவோர் கேட்க வேண்டியவை வேறு. அந்த உறவு எத்தகையது? தீய சொல்லை அறிந்தபோது கண்டித்தாரா, அல்லது நட்டம் வரும் வரை காத்திருந்தாரா? பதவியேற்றபின் அந்தப் போதனை அவருடைய சட்டங்களிலும் ஆணைகளிலும் தலைகாட்டியதா?

இவ்வினாக்களை நமக்குப் பிடிக்காத தலைவரிடம் கேட்பது எளிது. பிடித்த தலைவரிடமும் கேட்கும் துணிவு வேண்டும். நீதி என்பது அதுவே.