கடிகாரம் வரையச் சொன்னா மட்டும் போதாது

மறதி நோய் சந்தேகம்னா நாங்க ஒரு பேப்பரைக் கொடுத்து, "கடிகாரம் வரைங்க, 11 மணி 10 நிமிஷம் காட்டுங்க" என்போம். மார்க் போட்டதும் பேப்பர் ஃபைலுக்குள் போய்விடும்.

லண்டனில் வாழ்ந்த ஓவியர் வில்லியம் உட்டர்மோலனுக்கு 1995-ல் அல்சைமர் உறுதியானது. வரைவதை நிறுத்தாதீங்க என்று ஊக்கம் கொடுத்தவர் மருத்துவக் குழுவிலிருந்த ஒரு நர்ஸ். அவர் தன் முகத்தையே வருஷக்கணக்கில் வரைந்தார். கண்ணும் மூக்கும் இடம் மாறின, கடைசியில் முகமே கரைந்தது. 2001-ல் அந்தப் படங்கள் லான்செட் இதழில் வந்தன. மூளை சுருங்குவதை ஸ்கேன் காட்டும். உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்குன்னு அது காட்டாது.

அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான செபாஸ்டியன் க்ரட்ச், 2016 முதல் 2018 வரை லண்டன் வெல்கம் கலெக்‌ஷனில் கலைஞர்கள், மூளை ஆய்வாளர்கள், மறதி நோய் உள்ளவர்கள் எல்லாரையும் சேர்ந்து வேலை செய்ய வைத்தார்.

"அது பணக்கார நாடு டாக்டர்" என்பீங்க. இந்தியாவில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கு. நம்ம கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்துலயே ஆரோவில், ஓவியர்களுக்கா பஞ்சம்? அந்தப் பக்கம் ஜிப்மர். மாசம் ஒருநாள் ரெண்டு பேரும் நம்ம ஊர் பெரியவங்களோட உட்கார்ந்தா ஆரம்பிச்சிடலாம்.

வரைஞ்சா நோய் குணமாகாது. குணமாகும்னு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க.

வீட்ல இப்படி ஒருத்தர் இருந்தா கோலமோ, மருதாணி டிசைனோ, அவர் கைக்குப் பழகினதை பேப்பர்ல வரையச் சொல்லுங்க. தப்பைத் திருத்தாதீங்க. தேதி போட்டு வைங்க. அடுத்த தடவை வரும்போது மருந்துச் சீட்டோட அதையும் எடுத்துட்டு வாங்க.