ஒரே வகுப்பு, எனக்கு மட்டும் வாக்கில்லை



2025 மே 3 சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தல் எங்கள் பல்கலைக்கழகத் தேர்வு நேரத்தில் வந்தது. பிரசாரக் கூட்டத்துக்குப் போக யாருக்கு நேரம்? பேருந்தில் வேட்பாளர்களின் வலையொலிப் பேட்டிகளைக் கேட்டதோடு சரி.

முதலாண்டு வகுப்பில் ஒரு வேடிக்கை. இரண்டாண்டு தேசிய சேவையை முடித்துவிட்டு வந்த பையன்கள் 21ஐத் தாண்டியிருந்தார்கள், வாக்களித்தார்கள். பள்ளியிலிருந்து நேரே வந்த எங்களுக்கு வாக்கில்லை. பக்கத்து இருக்கை ஜொகூர் தோழிக்கோ அவள் நாட்டில் 18 வயதிலேயே வாக்குரிமை. 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. சொல்லிச் சொல்லிச் சீண்டுகிறாள். 18 வயதில் துப்பாக்கியைக் கொடுக்கும் நம் நாடு வாக்குச்சீட்டையும் கொடுத்தால் என்ன?

வேட்பாளர் பேசுவதுபோல் ஜோடித்த காணொளிகளைத் தேர்தல் சமயத்தில் தடுக்க 2024 அக்டோபரில் சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்புபவை பழைய படங்கள், தலைப்பு மட்டும் புதிது. அவரிடம் எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

இன்னொன்று. ஞாயிறன்று தேக்காவில் நாங்கள் அரசியல் பேசிச் சண்டைபோடுவது தமிழில். என் கைப்பேசிக்கு வந்த நீண்ட பேட்டிகள் மட்டும் அத்தனையும் ஆங்கிலம். அடுத்த தேர்தல்வரை காத்திராமல், தமிழ் பேசும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் மாணவர்களையும் உங்கள் நாளிதழ் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பதிவுசெய்யலாமே. கட்சி பேதம் வேண்டாம். தே தாரிக் எங்கள் செலவு.

– பல்கலைக்கழக மாணவி, பொங்கோல்