வெள்ளோட்டம்

பல வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சிவாலயத்துக்குப் புதுத் தேர் செய்து முடித்தபோது, உற்சவத்துக்குப் பத்து நாள் முன்னதாக, சுவாமியை எழுந்தருளப் பண்ணாமல், தோரணமோ தொம்பையோ இல்லாத வெறுந்தேரை நான்கு வீதிகளிலும் இழுத்துப் பார்த்தார்கள். சக்கரம் உருளுகிறதா, அச்சு தாங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே இந்த வெள்ளோட்டம் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் வடக்கு வீதி முனையில் மோர் விற்கும் கிழவி ஒருத்தி ஸ்தபதியை வழிமறித்து, "இந்தப் பக்கம் ஒதுக்காதீங்க சாமி, சாக்கடைக் கல்லுக்குக் கீழே மண்ணு அரிச்சுப் போச்சு" என்று சொன்னதையும், அவர் குனிந்து கடப்பாரையால் அந்தக் கல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குக் கைகாட்டித் தேரை நிறுத்தியதையும் அருகில் நின்று கண்ட பிறகுதான், தேரைச் சோதிப்பது பாதிக் காரியமே, வீதியில் குடியிருப்பவர்களைக் கேட்டுக்கொள்வது மற்றப் பாதி என்பது எனக்கு விளங்கிற்று.

ராஜ்யபாரத்தை ஏற்றவர்களும் ஒரு புதிய திட்டத்தை ஜனங்களின் வாழ்க்கைக்குள் இழுத்துவிடுமுன் இப்படி ஒரு வெள்ளோட்டம் விட்டே தீரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதை நினைக்கும்போதெல்லாம் ராஜாஜி என்ற ஒரே மனிதரின் இரண்டு ஆட்சிக் காலங்கள் என் மனக்கண்முன் வந்து நிற்கின்றன.

1937-இல் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159-ஐக் காங்கிரஸ் கைப்பற்றியிருந்தது. மதுவிலக்கை மாகாணம் முழுவதற்கும் ஒரே மூச்சில் விதித்திருந்தாலும் அவரைத் தடுக்கச் சபையில் ஆளில்லை. அப்படியிருந்தும் அவர் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லா ஒன்றில் மாத்திரம் அதைத் தொடங்கினார். தாம் நகரசபைத் தலைவராக இருந்து பழகிய ஜில்லா அது. 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து, கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தி, குடியினால் சீரழிந்த குடும்பங்களை நேரில் அறிந்த இடம். கள்ளுக்கடையை மூடினால் மரமேறுகிறவன் பிழைப்பு என்னாகும், கஜானாவில் எவ்வளவு குறையும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஜில்லா விடை சொல்லிக்கொண்டிருக்கையிலேயே திட்டம் சித்தூர், கடப்பா, வடஆற்காடு என்று விரிந்தது. வருமான இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. பணத் தட்டுப்பாடும் அந்த நிதானத்துக்கு ஒரு காரணந்தான். எக்காரணத்தால் வந்தாலும் அந்த நிதானம் நன்மையே செய்தது.

அதே மனிதர் 1953-இல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை ஐந்து மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஏற்பாடு செய்தபோது, கட்சியாரையும் சட்டசபையையும் முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை. பணமும் போதாமல், பள்ளிக்கூடமே காணாத குழந்தைகளும் ஏராளமாக இருந்த காலத்தில், அதே கட்டடத்தில் அதே ஆசிரியரைக்கொண்டு இரண்டு அணிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்ற கணக்கு அதன் பின்னே இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் மகனாவது சவரப்பெட்டியைத் தூக்காமல் இருக்கவேண்டும் என்று ஏங்கிய தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவன் அந்தக் கணக்கில் அகப்படாத ஒன்றைச் சொல்லியிருப்பான். கேட்காமல் விட்டதனால், ‘குலக்கல்வி’ என்ற ஒரே சொல்லில் நாடே அதைச் சொல்லிற்று.

ஜூலை மாதம் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்குச் சபையில் 138-க்கு 138 என்று வாக்குகள் சமமாக விழுந்து, சபாநாயகரின் வாக்கினால் அது தோற்றது. நிறுத்திவைத்து நிபுணர்களின் ஆய்வுக்கு விடவேண்டும் என்ற தீர்மானமோ 139-க்கு 137 என்று நிறைவேறிற்று. எதிர்த்தவர்களை முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என்று ஏசுவது நம் வழக்கம். தேரோடும் வீதியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், திருப்பத்தில் தேரைத் திருப்புவதே அந்தக் கட்டைதான் என்று. பருலேகர் தலைமையில் அமைந்த கமிட்டி திட்டத்துக்குச் சாதகமாகவே அறிக்கை கொடுத்தது. ஆயினும் நிபுணரின் ஆமோதிப்பும் பெற்றவளின் சம்மதமும் ஒன்றல்லவே! 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே 18-ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டது.

நம் காலத்துப் பள்ளிக் காலை உணவுத் திட்டமோ வெள்ளோட்டம் விட்டே வந்தது; 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளில் நடந்து, மறு வருஷம் ஆகஸ்டில்தான் மாநிலம் முழுவதும் 31,008 பள்ளிகளுக்குச் சென்றது. உப்புமாவும் கிச்சடியும் எந்த நேரத்தில் வந்தால் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுவார்கள் என்பது, கிண்ணத்தைக் கழுவி வைக்கும் ஆயாவுக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்குத் தெரியும்?

எங்கள் ஊரில் அந்தப் பத்து நாளைக்குள் பழைய கல்லைப் பெயர்த்தெடுத்து, குழியில் ஜல்லி கொட்டிக் கெட்டித்து, புதிய பலகைக்கல் பதித்தார்கள். தேரன்று காலை, மோர்ப் பானையைத் திண்ணையோரம் இறக்கி வைத்துவிட்டு, அலங்கரித்த கோபுரத்தையோ உள்ளே இருந்த சுவாமியையோ நிமிர்ந்து பாராமல், கல்லின்மேல் ஏறி இறங்கிய சக்கரத்தையே அந்தக் கிழவி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் கடந்த பிறகுதான் அவள் கைகள் குவிந்தன.