18 மீட்டர் அனுமதி
அந்தமானின் சுவராஜ் தீவுக் கடலடிக் காணொளிகள் இப்போது எல்லோர் கைப்பேசிக்கும் வருகின்றன. சிலவற்றில் மீன்களைவிட முக்குளிப்பவரின் கால்கள்தான் கண்ணை உறுத்துகின்றன: சைக்கிள் மிதிப்பதுபோல் உதைக்கும் துடுப்புகள், கிளம்பும் மணல், நுனி முறியும் பவளம். பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் 'ஓப்பன் வாட்டர்' பயிற்சியில் 4 முறை கடலில் இறங்கித் தேறினால் 18 மீட்டர் வரை செல்ல அட்டை கிடைத்துவிடுகிறது. முகமூடிக்குள் புகுந்த நீரை ஊதி வெளியேற்றவும், நழுவிய ரெகுலேட்டரை, அதாவது மூச்சுக் கருவியை, தேடிப் பிடித்து வாயில் வைக்கவும் அதற்குள் பழகிவிடலாம். ஏறாமல் இறங்காமல் ஒரே ஆழத்தில் நிற்கும் பக்குவம் அவ்வளவு சீக்கிரம் வராது. 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்காகிறது, நியோப்ரீன் உடை நசுங்கி மிதப்பு குறைகிறது. புதியவர் பதறிப்போய் மிதப்புச் சட்டைக்குள் காற்றை ஏற்றுகிறார். கொஞ்சம் மேலே வந்ததும் அந்தக் காற்றே விரிந்து அவரை இன்னும் மேலே இழுக்கிறது. தேர்ந்தவர் சட்டையில் காற்றேற்றும் பொத்தானை அதிகம் தொடுவதில்லை. மூச்சை அடக்காமல், நிதானமாக இழுத்து விட்டே உயரத்தைச் சரிசெய்துகொள்கிறார். மூச்சை இழுத்த ஓரிரு நொடி கழித்துத்தான் உடல் எழும்பும். அந்தத் தாமதம் பிடிபடுவதுதான் வித்தையே. அது கைவந்தால் இடுப்பில் கூடுதலாகக் கட்டிய ஈய எடையும் குறையும், உருளைக் காற்றும் நெடுநேரம் வரும். 30 மீட்டருக்கான அடுத்த அட்டைக்கு அவசரப்படுவதைவிட, கேமராவைப் படகிலேயே வைத்துவிட்டு, மணல்தரைக்கு மேலே ஆழமானியைப் பார்த்தபடி அசையாமல் நின்று பழகுவது எவ்வளவோ மேல். அப்படிப் பழக, ஆழங்குறைந்த நீமோ ரீஃப் சுவராஜ் தீவிலேயே இருக்கிறது.