வழிமறித்தவர்கள் நாம்தான்

2021 பிப்ரவரியில் ஒரு பெண் எஸ்.பி. புகார் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதாக அவர் சொன்னது, அப்போது சிறப்பு டிஜிபியாக இருந்த ராஜேஷ் தாஸை. வழியில் பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரைப் போலீசாரே மறித்தார்கள். அதை மீறிப் போய்த்தான் புகார் கொடுத்தார். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் விழுப்புரத்தில் அது உறுதியானது.

நெய்வேலிக்காரர்களான நமக்கு விழுப்புரம் தூரமில்லை. பண்ருட்டி வழியாகப் போய்வருகிற ஊர். அந்தச் செய்தியைப் படித்து நாமெல்லாம் கொதித்தோம். காக்கி உடுத்திய அதிகாரிக்கே இந்தக் கதியா என்று கேட்டோம். நம் ஷிப்டிலும் செக்‌ஷனிலும் ஒரு பெண் வாய் திறந்தால் மறித்து நிற்பது யார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

இதை எந்த நிர்வாகத்தின் மீதும் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. நெய்வேலி சுரங்க நகரியத்தில் வேலை பார்க்கிற, பார்த்து ஓய்வு பெற்ற, சங்கத்தில் கொடி பிடித்த நம்மைப் பற்றி எழுதுகிறேன்.

அப்படி வாய் திறந்த பெண்ணை நாம் யாரும் மிரட்டியதில்லை. அன்பாகத்தான் பேசினோம். "பேசி முடிச்சுக்கலாம்மா." "அவருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குது, பொண்ணு கல்யாணம் வேற இருக்கு." "சாட்சி இல்லாம எழுதிக் குடுத்து நீ மாட்டிக்காதே." நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதை அவளிடம் சொல்ல நம்மில் யாரும் படித்து வைத்திருக்கவில்லை. புகார் கொடுக்க 3 மாதம்தான் அவகாசம். தகுந்த காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கிற உள்ளகக் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். நாம் பேசி முடிக்கப் பார்த்த நாட்களெல்லாம் அவளுடைய கணக்கில்தான் கழிந்தன.

நகரியத்து வாழ்க்கைக்கு ஒரு சிக்கல் உண்டு. புகார் செய்தவளும் புகாருக்கு ஆளானவரும் ஒரே வட்டத்தில் குடியிருப்பார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளி. கோயிலிலும் கடைத்தெருவிலும் முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும். பெயரோ விவரமோ வெளியே போகக்கூடாது என்ற விதி வேறு எந்த இடத்தையும்விட இங்கேதான் அதிகம் தேவை. அதை உடைத்தது நம் நாக்கு. விசாரணை தொடங்கும் முன்பே குவார்ட்டர்ஸ் திண்ணையில் தீர்ப்பு சொல்லிவிட்டோம், பெரும்பாலும் அவளுக்கு எதிராக.

சங்கங்களின் பாராமுகம் இன்னும் கனமானது. போனஸ், ஊதிய ஒப்பந்தம், ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் என்று கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியப் பேசியவர்கள் நாம். உள்ளகக் குழு என்று ஒன்று உண்டு, அதன் தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும் என்று எந்தக் கேட்டில் பேசினோம்? குற்றம் சாட்டப்பட்டவர் நம் உறுப்பினர் என்றால் அவருக்காகத் தூது போனோம். அவளும் சந்தா கட்டுகிற உறுப்பினர்தான் என்பது நினைவுக்கு வரவில்லை.

ஒப்பந்தக்காரர் மூலம் வந்து பெருக்குகிற, தோட்டவேலை செய்கிற பெண்களை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சட்டம் சேர்த்திருக்கிறது: தினக்கூலியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அதன் பார்வையில் ஊழியர்களே. நாளை வேலைக்கு வராதே என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் உலை வைக்க முடியாத பெண், எந்த நம்பிக்கையில் புகார் எழுதுவாள்? இரவு வேலையிலும் நம் பாராமுகம் இதேதான். 2019இல் திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் இரவு ஷிப்டு பார்க்க மத்திய அரசு வழிவிட்டது. எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், குறைந்தது மூன்று பெண்களாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டது. நாமோ "பொம்பளைங்களுக்கு எதுக்கு நைட் ஷிப்டு" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு பணியிடம் இருக்கிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களிலிருந்து வந்து நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அவர்களுக்கென்று மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. முகாந்திரம் இருந்தால் அந்தக் குழு 7 நாளுக்குள் புகாரைப் போலீசுக்கு அனுப்பியாக வேண்டும். இதை நம் வீட்டு வேலைக்கார அக்காவிடம் நம்மில் ஒருவராவது சொல்லியிருக்கிறோமா?

இந்தச் சட்டமே ஒரு அரசுத் திட்ட ஊழியரின் வேதனையிலிருந்து பிறந்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி, 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். செய்த பணிக்காக நேர்ந்த அந்தக் கொடுமையை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997இல், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நெறிமுறை வகுத்த விசாகா தீர்ப்பு வந்தது. சட்டமாக மேலும் 16 ஆண்டு ஆனது. பன்வாரி தேவியின் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 1995இலேயே விசாரணை நீதிமன்றம் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. அவ்வளவு விலை கொடுத்து வந்த சட்டத்தை நோட்டீஸ் போர்டில் மங்க விட்டிருக்கிறோம்.

தோழர்களே, அடுத்த கேட் மீட்டிங்கில் கோரிக்கைகளைப் படிக்கும் முன் உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயர்களை மைக்கில் படியுங்கள். ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். தேதி போட்டு எழுத உதவுங்கள். அவள் விரும்பினால் குழுவின் அறை வாசல்வரை கூடப் போங்கள். திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள்.