நகத்துக்கு எந்த மொழி?

அமெரிக்காவில் நகப் பராமரிப்புத் தொழிலுக்கான அனுமதிப்பத்திரப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தவேண்டும் என்று வாதிடுவோர் உளர். ஆங்கிலம் அறியாதவர் இரசாயனப் போத்தலிலுள்ள எச்சரிக்கையை எவ்வாறு வாசிப்பார் என்பது அவர்களது கேள்வி. நியாயம் போலத்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்தப் பரீட்சை எதைச் சோதிக்க ஏற்பட்டது? கருவிகளை முதலிற் கழுவி, பின்னரே கிருமிநீக்கியில் இடவேண்டும்; பூஞ்சணம் பிடித்த நகத்தைத் தொடலாகாது; அசிற்றோன் ஆவி நிறைந்த அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். இவற்றைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்ட பெண்ணிடம் கையை நீட்டுவேன். ஆங்கில விடைகளை மனப்பாடம் செய்து தேறியவரிடம் நீட்டத் தயங்குவேன்.

இத்தொழிலின் வரலாற்றை இவர்கள் அறியார் போலும். 1975 இல் சைகோன் வீழ்ந்தபின், கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவுக்கு அண்மையிலிருந்த அகதி முகாமுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் சென்றார். ஹிட்ச்கொக்கின் பறவைகள் படத்தில் நடித்தவர் அவர். அவரது நகங்களை அங்கிருந்த பெண்கள் வியந்து நோக்க, தமது நக ஒப்பனையாளரையே அழைத்துவந்து இருபது பேருக்குப் பயிற்சியளிக்கச் செய்தார். இன்று கலிபோர்னியாவில் இத்தொழிலைத் தாங்கி நிற்போரிற் பெரும்பான்மையினர் வியட்நாமியரே.

பயிற்சிக் காலமும் ஒரு வேடிக்கை. மசாசுசெட்ஸ் 100 மணித்தியாலம் கேட்கிறது, நியூயோர்க் 250, கலிபோர்னியா 400, அலபாமா 750. மாநிலத்துக்கு மாநிலம் நகமா வேறுபடுகிறது? கனெக்டிகட்டிலோ 2019 இல் சட்டம் இயற்றப்படும்வரை அனுமதிப்பத்திரமே தேவைப்படவில்லை.

2022 முதல் கலிபோர்னியா செய்முறைப் பரீட்சையைக் கைவிட்டுவிட்டது. எஞ்சியிருப்பது எழுத்துப் பரீட்சை மட்டுமே. கைத்திறன் பேச இடமில்லாத அந்த மண்டபத்தில் மொழிதான் முழுத் தீர்ப்பையும் எழுதும். நல்லவேளையாக, அங்கே வியட்நாமிய, ஸ்பானிய, கொரிய மொழிகளிலும் வினாத்தாள் உண்டு.

எங்களுக்கு இது புதிய கதையன்று. சிங்களப் பரீட்சையில் தேறவில்லை என்று 1962 இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கு, 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. அவரது எழுதுவினைத் திறனில் எவரும் குறை கண்டதாகச் செய்தியில்லை.

போத்தல் எச்சரிக்கை குறித்து உண்மையிலேயே கவலைப்படுவோர், அதை வியட்நாமிய மொழியிலும் அச்சிடுமாறு உற்பத்தியாளரிடம் கேட்கலாமே. அவ்வாறு கேட்ட ஒருவரையும் நான் இதுவரை கண்டிலேன்.