மிக்-21க்கு விடை கொடுத்தாயிற்று, அடுத்து?

2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரிலே விழா நடந்தது. பாதுகாப்பு அமைச்சர் வந்திருந்தார். விமானப்படைத் தளபதியே ஒரு மிக்-21ஐ ஓட்டினார். இறங்கிய விமானங்களுக்குத் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். 1963இல் படையில் சேர்ந்த விமானம், அறுபத்திரண்டு ஆண்டு ஊழியம் முடித்து ஓய்வு பெற்றது.

மரியாதை தக்கதே. 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கி, அன்றே கவர்னரைப் பதவி விலகச் செய்தது இந்த விமானந்தான். கடைசி வரை பறந்தவை 1963இல் வாங்கிய அதே விமானங்கள் அல்ல என்பதும் நாம் அறிந்ததே. அவை பின்னர் நாசிக்கில் கட்டப்பட்டு, 'பைசன்' என்று புதுப்பிக்கப்பட்டவை. ஆனால் அச்சு பழைய அச்சு, 1950களில் வார்த்தது.

விழாவில் கூட்டிச் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின என்றும், விமானிகள் 171 பேரும் பொதுமக்கள் 39 பேரும் மாண்டனர் என்றும் 2012இல் நாடாளுமன்றத்தில் சொன்னவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி. அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. 2023 மே மாதம் இராசத்தானத்தில் ஒரு வீட்டின் மீது மிக்-21 விழுந்து மூன்று பெண்கள் இறந்தனர்.

'பறக்கும் சவப்பெட்டி' என்று விமானத்தின் மீது பழி போட்டார்கள். விமானமா குற்றவாளி? மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரை தொடும் எந்திரம் அது. மெதுவான கிரண் விமானத்தில் பழகிய இளைஞனை நேரே அதில் ஏற்றினார்கள். மாட்டுவண்டி ஓட்டியவனை மெயில் வண்டி எஞ்சினில் உட்கார வைத்தது போல! இடையிலே ஒரு பயிற்சி ஜெட் வேண்டுமென்று 1982இலேயே குழு பரிந்துரைத்தது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004இல். படைக்கு வந்தது 2008இல். கோப்பு ஊர்ந்தது, பிள்ளைகள் விழுந்தார்கள்.

மாற்று விமானத்தின் கதையும் இதுவே. தேஜஸ் திட்டத்துக்கு அனுமதி 1983. முதற் பறப்பு 2001. படையில் சேர்ந்தது 2016. எத்தனை பிரதமர்கள், எத்தனை கட்சிகள்! யாரும் தப்பிக்க முடியாது. 2021இல் 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆணையிட்டார்கள். மிக் விடைபெற்ற நாள்வரை ஒன்றுகூட வந்து சேரவில்லை. அமெரிக்க எஞ்சின் தாமதமாம்! விழாவுக்கு முந்திய நாள், ரூ. 62,370 கோடிக்கு இன்னும் 97 விமானங்களுக்குக் கையெழுத்திட்டார்கள். விமான அணிகள் 42 வேண்டும் என்பது அரசே வகுத்த கணக்கு. மிக் போனபின் மிஞ்சியவை 29.

இனி ஜாகுவார். 1979இல் வந்தது. பிரான்சு 2005இலும் பிரிட்டன் 2007இலும் அதைக் கைவிட்டன; நாம் மட்டும் பறக்கிறோம். 2025இல் மார்ச், ஏப்ரல், சூலை என்று மூன்று ஜாகுவார்கள் விழுந்தன. சூலை 9இல் சூரு மாவட்டத்தில் விழுந்ததில் விமானிகள் இருவர் மாண்டனர். கடைசி ஜாகுவார் எந்த ஆண்டில் இறங்கும், அன்று அதன் இடத்தில் நிற்கப்போவது எந்த விமானம், எத்தனை? நாடாளுமன்றத்தில் அமைச்சர் தேதியோடு பதில் சொல்லட்டும்.